ஓடிக்கொண்டே இருக்கும் படம்

"இன்னா மதிவதனி, சிமுலேஷன் முடிஞ்சுதா?"

"இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு சார்."

மேனேஜர் நாகப்பன் அவள் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். திரையில் ஓடிய சோதனைப் படத்தில் கார் பேட்டரிப் பெட்டி மெல்லச் சூடேறி, நீலம் மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகிக்கொண்டிருந்தது.

"முடிஞ்ச கையோட ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டுத்தான் கெளம்பணும். எம்.டி. கேட்டுக்கினே கீறாரு."

"சார், இன்னைக்கு என்னைப் பொண்ணு பாக்க மண்ணூருக்கு வர்றாங்க. கம்பெனி பஸ்ஸை விட்டுட்டா, எங்க அம்மாவைத்தான் பாத்துட்டுப் போவாங்க."

நாகப்பன் இன்னொரு முறை திரையைப் பார்த்தார். "ஓடறதை நாம இன்னா பண்ண முடியும்? கெளம்பு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

ஒரகடத்தில் கம்பெனி வாசலிலிருந்து பஸ் நகரத் தொடங்கியபோது மூச்சிரைக்க ஓடிவந்து ஏறியவர் நாகப்பனேதான்.

"நீங்க எப்படி சார் அதுக்குள்ள?"

"எம்.டி.யைக் கூட்டியாந்து உன் ஸ்கிரீனைக் காட்டினேன். இன்னும் ஓடுதேன்னு அவரே அனுப்பிட்டாரு."

மதிவதனிக்கு மனசு உறுத்தியது.

"சார், கோவிச்சுக்காதீங்க. சிமுலேஷன் காலையிலயே முடிஞ்சிடுச்சு. அந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தேன்."

"தெரியும்மா. முடிஞ்சுதுன்னு எனக்கும்தான் மெயில் வந்துது."

"அப்புறம் ஏன் சார் என்னை அனுப்புனீங்க?"

"நீ ரிப்போர்ட் எழுதினா, நான்தானே குந்திக்கினு படிக்கணும்!"