அம்மணச் சங்கத்தில் துண்டு வியாபாரம்

உடம்பில் ஒட்டுத் துணி இல்லாத ஐநூறு பேரிடம், ஒரே மத்தியானத்தில், துண்டு விற்றுத் தீர்த்தவன் இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான்.

இதைச் சொன்னதும் தங்கபாண்டி டீ டம்ளரைக் கீழே வைத்தான். சிரிக்கவில்லை.

தங்கபாண்டி என் மச்சினன். என் மனைவி சண்முகவடிவின் தம்பி. அருப்புக்கோட்டையில் அவன் தறியில் ஓடுகிற துண்டுகளைத்தான் என் மகள் பிருந்தா ஜெர்மனியில் கடை போட்டு விற்கிறாள்.

அடுத்த லோடு இன்றைக்குச் சாயங்காலம் தூத்துக்குடிக்குக் கிளம்பினால்தான் கடை நடக்கும். கடை நடந்தால்தான் விசா. விசா போய் அவள் ஊர் திரும்பினால், சொந்தபந்தம் மொத்தமும் கூடிச் சமாதானம் பேசி, அவளைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடும்.

போன தடவை அந்த வீட்டிலிருந்து அவள் மாவுக்கட்டுப் போட்ட கையோடு வந்தாள்.

தங்கபாண்டி லோடு ஏற்ற மாட்டேன் என்கிறான்.

கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள்.

“அங்க ஒரு துண்டுகூட வித்திருக்காது மச்சான். உங்க பென்சன் காசத்தான் வித்த காசுன்னு எனக்கு அனுப்பியிருக்கீக. அதுல நான் தறி ஓட்டணுமா?”

கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம். இப்படி ஒரு நல்லவனை என்ன செய்வது?

பிருந்தா காலையிலிருந்து போன் பண்ணிக்கொண்டே இருக்கிறாள். எடுக்க எனக்குத் தைரியமில்லை.

தப்பு என்மேல்தான். திருச்சுழி தாலுகா ஆபீசில் வேலை பார்த்த காலத்தில், கண்மாயில் முதலை கிடக்கிறது என்று நான் சொன்னதை நம்பிப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். அன்றிலிருந்து நான் மணி சொன்னால்கூட ஜனங்கள் இன்னொருத்தரிடம் கேட்டுக்கொள்வார்கள்.

ஆனால் இந்த ஒன்று நிஜம். ஐநூறு என்பது வேண்டுமானால் எண்பதாக இருக்கலாம்.

முழுதாகச் சொன்னேன்.

நாங்கள் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, அவள் ஒற்றை அறையில் விற்காத துண்டுக் கட்டுகள் கூரை முட்ட நின்றன. ஏரிக்கரையில் ஒரு சங்கம் இருக்கிறது, எல்லாரும் அம்மணமாக இருப்பார்கள், ஆனால் ஆளுக்கொரு துண்டு கட்டாயமாம் என்று பிருந்தா ஏதோ பேச்சுக்குச் சொன்னாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் துண்டுக் கட்டுகளோடு அந்தச் சங்கத்துக்குப் பயணம். வாசலில் கட்டணம் எழுதிப் போட்டிருந்தார்கள். ஒரு நாள் அம்மணமாக இருக்க அவர்கள் கேட்ட பணத்துக்கு இங்கே ஜரிகை போட்ட பட்டு வேட்டியே எடுக்கலாம். கழற்றிய துணியை வைக்கிற அலமாரிக்கு வாடகை தனி. துணியை நானே உடம்பில் வைத்துக்கொள்கிறேன், வாடகை மிச்சம் என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை.

வேட்டி போனது. சட்டை போனது. அரைஞாண் கயிறு துணிக் கணக்கில் வருமா வராதா என்று இரண்டு பேர் கூடிப் பேசினார்கள். அரசாணை போடாத குறையாக அதற்கு மட்டும் விலக்குக் கிடைத்தது.

உள்ளே போனதும் ஒரு தப்புச் செய்தேன். ஆளுக்கொரு துண்டு என்றால் எதற்கென்று நமக்குத் தெரியாதா? கொண்டுபோன துண்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவி இடுப்பில் கட்டினேன்.

ஓடி வந்து அவிழ்க்கச் சொன்னார்கள்.

அங்கே துண்டு கட்டுவதற்கில்லையாம், உட்காருவதற்காம். வெற்றுடம்பு பெஞ்சில் படக் கூடாது. துண்டில்லாதவன் பொழுது சாய்கிற வரைக்கும் நிற்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துப் பெய்தது மழை. திருச்சுழி மூன்று வருஷத்தில் பார்க்காத மழை. அவர்களுடைய கம்பளி மாதிரித் துண்டெல்லாம் நனைந்து எருமைக்கன்று கனம் கனத்தன. சங்கம் மொத்தமும் உட்கார வழியில்லாமல் நிற்கிறது.

நம் துண்டு ஒன்றை எடுத்தேன். நனைத்தேன், பிழிந்தேன், இரண்டு உதறு உதறினேன். அப்பளம் மாதிரிக் காய்ந்துவிட்டது.

பையில்லாத மனிதர்கள் அலமாரிக்கு ஓடி ஓடிப் பணம் எடுத்து வந்தார்கள். வரிசை இங்கேயிருந்து பந்தல்குடி வரைக்கும்.

சொல்லி முடித்தேன். தெருவில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

தங்கபாண்டி எழுந்து செருப்பை மாட்டினான். “முதலைக் கதையாச்சும் நம்புற மாதிரி இருந்துச்சு மச்சான்.”

வாசலில் இறங்கப் போனான். மனசு கேட்காமல் அடுப்படிப் பக்கம் திரும்பினான்.

“அக்கா, நீ சொல்லு. இவுக சொல்றது நெசமா?”

ஊர் திரும்பியதிலிருந்து, இந்தக் கதையை நான் எடுத்தாலே அடுப்படியிலிருந்து “புளுகு” என்று ஒரு குரல் வரும். வந்தவர்களும் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள். அவள் வாயில் பொய் வராது என்பது ஊருக்கே தெரியும்.

இப்போதும் அதையே சொன்னால், நான் எதிர்த்துப் பேசப் போவதில்லை.

சண்முகவடிவு வெளியே வந்தாள். தெப்பக்குளத்தில் கால் நனைக்கும்போதுகூடச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்காதவள். கையைத் துடைத்தாள். முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் போர்த்திக்கொண்டாள். தம்பி முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துத்தான் பேசினாள்.

“நெசந்தான் தம்பி. லோடை ஏத்து. அங்க தனி ஆம்பளைய உள்ள விட மாட்டாக. சோடியாப் போனாத்தேன்.”