கருவிக்கு ஒரு நாள் ஓய்வு

கருவி கத்தவில்லை.

அவள் வாசலைத் தாண்டி வெளியே வந்து நின்றாள். கைப்பையில் சோதனை வில்லை இருந்தது. ஆளுக்குக் கெடுதல் செய்யாத அளவுக் கதிர்வீச்சுதான். ஆனால் அதற்கே இந்த வாசல் கருவி கத்தி ஊரைக் கூட்டியிருக்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தாள்.

கருவியின் மேல் சந்தனம், குங்குமம். இரண்டு பக்கமும் வாழைக்கன்று. கருவியின் விளக்கு அணைந்திருந்தது.

"இன்னைக்கு ஆயுத பூஜைல்லா மேடம்," என்றார் காவலர் இசக்கியப்பன். "வருசம் பூரா உழைக்குது. அதுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் வேண்டாமா? நாளைக்குக் காலைல கும்பிட்டுட்டு போட்ருவோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் அவளும் ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்து நிறுத்திவிட்டு, பஸ்ஸில்தான் வந்திருந்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

உள்ளே, மூன்று கதவுகளுக்கு அப்பால், எஃகுக் கலங்களில் அணுப்பொருள். அதில் ஒரு கைப்பிடி வேண்டாத கைக்குப் போனால், ஓர் ஊரையே காலி செய்ய வேண்டியிருக்கும்.

"எத்தன வருசமா இப்படி?"

"நான் வந்ததுலேர்ந்து. ஒம்பது வருசம். எல்லாருக்கும் தெரியுமே மேடம்."

அவளுக்குத் தெரியாது.

ஆறு வருடமாக இந்தக் கிடங்கின் பாதுகாப்பைச் சோதிப்பவள் அவள். அலுவலகத்தில் இந்த வேலைக்கு அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது. ஜனவரியில் வருவாள். கதவு, பூட்டு, வேலி, கேமரா எல்லாம் பார்ப்பாள். குறை ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். பண்டிகை நாளில் காவல் எப்படி இருக்கும் என்று இந்த வருடம்தான் தோன்றியது.

தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

சோதனைக்காக வெளியே வந்தது எதுவானாலும், காவலர் கண்ணெதிரே திரும்ப உள்ளே போக வேண்டும். அது விதி. இசக்கியப்பனைக் கூட்டிக்கொண்டு போய் வில்லையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்த மனிதரின் பெயரை அறிக்கையில் எழுத வேண்டும். வேலை போய்விடும். பாவமாக இருந்தது.

வாசலுக்கு வந்ததும் அவர் ஒரு தாளில் பொரியும் கடலையும் அள்ளிக் கொடுத்தார். அவள் ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குக் கொண்டுபோக இன்னொரு பொட்டலம் மடித்துக்கொண்டே சொன்னார்:

"போன வருசமும் இதே மாதிரிதான் மேடம். உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு சார் வந்தாரு. கார்டெல்லாம் காட்டுனாரு. பையோட வெளிய வந்து, சோதனைதான், பாத்தீங்களா கத்தலன்னு சிரிச்சாரு. அவருக்கும் பொரி குடுத்தேன்."

கையிலிருந்த பொரித் தாளைக் கீழே வைத்தாள்.

"அண்ணே," என்றாள். இத்தனை வருடத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "அந்தப் பை திரும்ப உள்ள போச்சா?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.