லூக்கா நாள் கோதுமை

அன்று மழை பெய்ததா என்று கேட்டால் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. இருபது வருடமாகிறது, சில வார்த்தைகளை நானே சேர்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் மயக்க மருந்தை ஊசியில் ஏற்றியபோது டாக்டர் தெசாங்காவின் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அது நிச்சயம்.

மேசையில் படுத்திருந்தவன் லாரிக்காரன் ராதிசாவ். ஆறு வருடத்துக்கு முன் குடித்துவிட்டு ஓட்டி, டாக்டரின் தம்பியை அடித்துக் கொன்றவன். சாட்சி இல்லையென்று கோர்ட் விட்டுவிட்டது.

இப்போது அவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்க தெசாங்காவை விட்டால் ஆள் கிடையாது.

"நிஷ் நகரத்துக்குப் போகச் சொல்லுங்க சிஸ்டர்," என்று வார்டு ஆயா முதல் நாளே என் காதில் ஓதினாள். "பாம்புப் புத்துல கையை விடறாங்க."

நானும் அவன் மனைவி ஸ்தாமென்காவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எங்களுக்கு இந்த டாக்டரம்மாதான் வேணும். கைராசிக்காரங்க," என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "வெறும் வயித்தோட இருக்கணும்கறீங்களே சிஸ்டர், சாப்பிட்டா என்ன ஆகும்?"

"மயக்கத்துல சாப்பிட்டதெல்லாம் மேல வந்து நுரையீரலுக்குள்ள இறங்கிடும். மூச்சே நின்னுடும்."

பாடம் கேட்கும் பிள்ளை மாதிரி அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். புருஷன்மேல் இவ்வளவு அக்கறையா என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மேசையருகே டாக்டர் குனிந்தார். "ராத்திரியிலேருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"காலையில?"

"அதான் இல்லேங்கறேனே. என்ன டாக்டர், பயமா இருக்கா? இல்ல, ஆசையா இருக்கா?"

ஆபரேஷன் செய்யும் டாக்டர் தன் கையுறைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். தெசாங்கா அவன் முகத்தையே பார்த்தார். கையில் ஊசி. 'வேண்டாம் டாக்டர்' என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவர் விரல் அவன் மீசையைத் தொட்டது. அதில் ஒட்டியிருந்த வால்நட் துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னிக்கு லூக்கா நாள். உங்க குடும்பத்துக் காவல் புனிதர் லூக்காவா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"எவ்வளவு கோதுமை சாப்பிட்டீங்க?"

"அது சாப்பாடா என்ன? புனிதருக்குப் படைச்சது. வேண்டாம்னு சொல்ல முடியுமா? என் பொண்டாட்டிக் கழுதை விடிஞ்சதும் கிண்ணத்தோட வந்து நின்னா. சிலுவை போட்டுட்டு வழிச்சுச் சாப்பிட்டேன்."

வேகவைத்து அரைத்த கோதுமை, வால்நட், சர்க்கரை: புனிதர் நாளுக்கும் சாவுக்கும் செய்யும் பிரசாதம். அதைச் சாப்பாட்டுக் கணக்கில் எங்களில் யாரும் சேர்ப்பதில்லை. கேட்டிருந்தால் நானும் இல்லையென்றுதான் சொல்லியிருப்பேன். வழக்கமாக ஒரு கரண்டி. அவன் சாப்பிட்டது ஒரு கிண்ணம்.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "இன்னிக்கு ஆபரேஷன் இல்ல. எழுந்திருங்க."

மறுவாரம் ராதிசாவுக்கு நிஷ்ஷில் ஆபரேஷன் நடந்தது. இன்னும் ஒன்பது வருடம் இருந்து, கல்லீரல் கெட்டுச் செத்தான். அவன் அடக்கத்துக்கும் ஸ்தாமென்காதான் கோதுமை வேகவைத்தாள். டாக்டர் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் இன்னும் அதே ஆஸ்பத்திரியில், அதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்று ஆபரேஷன் நின்றபின் வராந்தாவில் நடந்ததை டாக்டரும் நானும் வெளியில் சொல்லவில்லை.

"நல்லவேளை, பார்த்துட்டேன். உங்க வீட்டுக்காரர் பிழைச்சாரு," என்றார் டாக்டர்.

ஸ்தாமென்கா சட்டைக் கையை இழுத்து, மணிக்கட்டில் கன்றியிருந்த விரல் தடங்களை மூடினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க தம்பியைக் கொன்னவன்னுதானே டாக்டரம்மா, உங்ககிட்டக் கூட்டிட்டு வந்தேன்?"