கேட்கும் வேலை

"செவிட்டு மனுஷனை எதுக்குய்யா இந்த வேலைக்கு வெச்சிருக்காங்க?" வாசலிலேயே அலுத்துக்கொண்டார் எழுத்தர் ஃபுல்க்.

நியாயமான கேள்விதான். அந்த வேலையே கேட்பது. அந்தக் கால இங்கிலாந்தில் பண்ணை மணியக்காரர்களுக்கு எழுத்து வாசனை கிடையாது. வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து, வருஷக் கணக்கை வாய்விட்டுச் சொல்வார்கள். தணிக்கைக்காரர் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்வார். அதைத்தான் எழுத்தர் எழுத வேண்டும். 'ஆடிட்' என்ற லத்தீன் சொல்லுக்கே 'அவர் கேட்கிறார்' என்றுதான் பொருள்.

மணியக்காரர் தர்ஸ்டன் தயங்கித் தயங்கிக் கணக்கைச் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு வருஷமாக விடாத மழை. பட்டினியில் சாகக் கிடந்தவர்களுக்குப் பிரபுவின் களஞ்சியத்திலிருந்து ஆறு மூட்டை பார்லியை அள்ளிக் கொடுத்துவிட்டார். தெரிந்தால் எருதும் வீடும் பறிபோகும். ஆனால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"பார்லியில ஆறு மூட்டை குறையுதே, என்னாச்சு?" என்றார் தணிக்கைக்காரர் கெர்வாஸ்.

"பசிச்சவங்களுக்குக் கொடுத்துட்டேங்க."

"என்னது?"

"ஜனங்களுக்குக் கொடுத்துட்டேங்க." இந்த முறை உரக்கவே சொன்னார்.

கிழவர் கெர்வாஸ் தலையாட்டினார். "ஆறு மூட்டை மழையில அழுகிப்போச்சு. எழுதிக்கோ."

"அவன் சொன்னது அது இல்லீங்களே..." என்றார் ஃபுல்க்.

"கேக்குறது என் வேலையா, உன் வேலையா?"

ஃபுல்க் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். கெர்வாஸ் மெழுகை உருக்கி முத்திரை வைத்தார். முத்திரை வைத்த கணக்கை யாரும் திறப்பதில்லை.

"இன்னிக்கே பிரபுகிட்ட போறேன்," என்று ஃபுல்க் எழுந்தார். "இந்த டமாரச் செவிடைக் கட்டி அழ முடியாது. அடுத்த வருஷம் இந்த நாற்காலியில நான்தான்." கிழவரின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார்.

தர்ஸ்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. போன வருஷம் வரை இதே கிழவரின் காதைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தவர் அவர்தான்.

கதவருகே போய், உதடு மட்டும் அசைய முணுமுணுத்தார். "பாவம் மனுஷன். அந்த மந்தக் காதாலதான் நான் பொழைச்சேன், கர்த்தரே."

"அடுத்த வருஷம் வர்றவனுக்கு நல்லாக் கேக்கும், தர்ஸ்டன்," என்றார் கெர்வாஸ், குனிந்த தலை நிமிராமல். "பார்த்து நடந்துக்கோ."