மாமியார் வாசலில் ரோடு வெட்டு

ரோடு வெட்டும் பெரிய மெஷின் அந்த கேட் ஓரத்துக்குள் நுழையவில்லை. கடைசி இரண்டடியைக் கைக் கட்டரால்தான் வெட்டியாக வேண்டும்.

வெட்டுவது ஒன்றும் பிரமாதமில்லை. கேட் யாருடையது என்பதுதான் சிக்கல்.

எத்தனையோ தெரு இருக்க, குழாய் பதிக்கிற காண்டிராக்டர் இவனைக் கொண்டுவந்து இவனுடைய மாமியார் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

மரம் அறுக்க, இரும்பு அறுக்க, கான்கிரீட் சுவரில் ஜன்னல் திறக்க என்று இவன் கை படாத கட்டர் கிடையாது. மாமியார் காதில் விழுந்தது என்னவோ ஒன்றுதான்: ரோடு வெட்டுகிறவன். போதாக்குறைக்குக் காதல் கல்யாணம் வேறு.

நாலு வருஷமாக அந்த அம்மாள் இவனை மாப்பிள்ளை என்று ஒரு தடவை கூப்பிட்டதில்லை. எது கேட்பதானாலும் மகளிடம்தான். அவர் சாப்பிட்டாச்சா, அவர் கிளம்பியாச்சா என்பார். அந்த ‘அவர்’ எதிரிலேயே உட்கார்ந்திருப்பான்.

எந்நேரமும் புழுதியில் கிடக்கிற தொண்டை. பச்சைத் தண்ணீர் பட்டால் இருமல் பிடித்துக்கொள்ளும். இங்கே வரும்போதெல்லாம் வெந்நீருக்கு மனைவிதான் அடுப்படிக்கு ஓடுவாள். மாமியார் கண்டுகொள்ளவே மாட்டார்.

மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட பையில்தான் இவனுக்குச் சாப்பாடு வரும். பழக்கதோஷத்தில் அதை கேட் கொக்கியில் மாட்டினான். ஹெல்மெட், கண்ணாடி, முகமூடி, காதுக் கவசம், கையுறை எல்லாவற்றையும் இறுக்கிக்கொண்டான். இனி பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

கட்டரை முடுக்கினான். வைரத்துகள் பதித்த பிளேடு தாரைக் கடித்தது. அடியில் இருந்த கான்கிரீட்டையும் கடித்தது. புழுதி கிளம்பி நேரே வீட்டுக்குள் போயிற்று.

போச்சுடா! இன்றைக்கு அர்ச்சனைதான் என்று நினைத்தான்.

ஒருவழியாக வெட்டி முடித்து நிமிர்ந்தால், கேட்டில் மாமியார். கையில் டம்ளர்.

காதுக் கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினான்.

"இந்த வெயில்ல இப்படி வேகறீங்களே தம்பி. என் மருமகனும் இதே வேலைதான். தங்கமான மனுஷன். என் பொண்ணை ஒரு சொல்லு சொன்னதில்ல. நான்தான் வீம்பு புடிச்சவ, அவருக்கு முகம் குடுத்துப் பேசினதில்ல. இந்தாங்க, குடிங்க."

இவனுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை சந்தோஷம். அங்கேயே ஒரு குதி குதித்திருப்பான், கையில் டம்ளர் இல்லாவிட்டால்.

ஆனால் குடிக்க வேண்டுமென்றால் முகமூடியைக் கழற்ற வேண்டுமே! முகம் தெரிந்துவிட்டால் அந்த அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிடுவார். அப்புறம் இன்னும் நாலு வருஷத்துக்கு அதே ‘அவர்’தான்.

குடிக்காமல் திருப்பிக் கொடுக்கவும் மனசு வரவில்லை.

மதில் பக்கம் திரும்பிக்கொண்டான். முகமூடியைத் தாடைக்கு இறக்கி, அவசர அவசரமாக ஒரு வாய் குடித்தான்.

வெந்நீர்.

அப்படியே நின்றுவிட்டான். மதிலில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"சூடு போதுமா, மாப்பிள்ளை?"