மழைக்கு எடுக்காத துணி

மழை வந்தும் கொடியில் கிடக்கும் துணியை ஓடிப்போய் எடுக்காத பெண்ணை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. பஸ் டெப்போவில் கணக்கு எழுதுகிறவர். தனியாள்.

அவர் வீட்டின் பின்பக்கம், அடுக்களை ஜன்னலில் தொடங்கி மதில் ஓரத்து மரம் வரைக்கும் நீளமாக ஒரு கொடி. அதில் எப்போதும் ஒரு நீலச் சட்டை, ஒரு போர்வை, இரண்டு துண்டு. வெயிலிலும் அதுதான், மழையிலும் அதுதான்.

"அக்கா, மழை!" என்று கத்துவேன்.

"நனையட்டும்மா. அதுவும் குளிக்க வேண்டாமா?" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

இடுப்பில் பாப்பாவை வைத்துக்கொண்டு நானே ஓடி ஓடி எடுக்கிறேன். இவருக்கு என்ன கேடு? சோம்பலுக்கும் ஓர் அளவு வேண்டாமா?

எங்கள் காலனி செயலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ரூல்ஸ்காரர். வீட்டுக்கு வெளியே கம்பம், வயர், தொங்குகிற சாமான் எதுவும் கண்ணில் படக் கூடாது. வாசலில் பாப்பாவுக்கு நான் கட்டிய ஊஞ்சலை, அவள் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவிழ்க்க வைத்த மனுஷர்.

ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"ஏன் சார், என் ஊஞ்சல் உறுத்துச்சு. அந்த ஊறிப்போன துணி மட்டும் உங்க கண்ணை உறுத்தலையா?"

"துணி காயப்போட ரூல்ஸ்ல தடை இல்லைம்மா" என்றார். கொடி இருக்கும் பக்கமே திரும்பாமல் நடையைக் கட்டினார்.

போகட்டும். புயல் அடித்த நாளுக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். அன்று மலைப்பாதையில் இருந்தார். மதியம் மலையில் மண் சரிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அத்தோடு போனும் செத்துப்போனது. பாப்பாவோ, காலையிலிருந்து காணாத ஒற்றைச் செருப்பைக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். அதைத் தேடுகிற சாக்கில் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு நானும் அழுதேன்.

எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், கொட்டுகிற மழையில் அக்கா கொடித்துணியை உருவிக்கொண்டிருந்தார்!

அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "என்னக்கா, இன்னிக்குத்தான் ஞானம் வந்துச்சா?"

"ஈரத்துணி கனத்துல கம்பி தொய்யுதுடி. உன் வீட்டுக்காரர் வண்டி நம்பர் தெரியுமா? பாப்பாவைத் தூக்கிட்டு வா!"

அடுக்களை அலமாரியைத் திறந்தார். மாவு டப்பாக்களை நகர்த்தினால், பின்னால் ஒரு ரேடியோப் பெட்டி, ஒரு பேட்டரி. ஜன்னல் வழியாக உள்ளே வந்த கொடி அந்தப் பெட்டியில் போய் முடிந்தது.

"அக்கா, அப்ப இது கொடி இல்லையா?"

"ஏரியல். கொடி வேஷம் போட்டிருக்கு. சர்க்கார் லைசென்ஸ் கொடுத்தாச்சு, காலனிதான் விடாது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை. ரூல்ஸ்காரருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே அறுத்துப் போட்டுடுவார். மூச்சு விடாதே."

அக்கா பெட்டியின் மைக்கை எடுத்து மலைப்பக்கம் யாராவது கேட்கிறார்களா என்று கூப்பிட்டார். கரகரப்புதான் பதில். மறுபடி கூப்பிட்டார். நான் போட்டுக் கொடுத்த டீ ஆறியது, குரல் கம்மியது, ஆனால் விடவில்லை. கடைசியில் மலையூரிலிருந்து இவரைப்போலவே வீட்டில் ரேடியோ வைத்திருக்கும் ஒருவர் குரல் கொடுத்தார். வண்டி நம்பரைக் கேட்டுக்கொண்டு, அந்த மழையில் விசாரிக்கப் போனார்.

இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தது அந்தக் குரல்.

"லாரிக்காரங்க எல்லாரும் இங்க பள்ளிக்கூடத்துல பத்திரமா இருக்காங்க. உங்க ஆளும் இருக்கார். பாப்பாவோட ஒத்தைச் செருப்பு வண்டி சீட்டுக்கு அடியில கிடக்காம். வீட்டைப் புரட்டிப் போட வேண்டாம்னு சொல்லச் சொன்னார்."

அக்காவைக் கட்டிக்கொண்டு நான் அழுதேனா, சிரித்தேனா, தெரியாது. அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. "மத்த டிரைவருங்க வீட்டுலயும் இப்படித்தானே தவிச்சுட்டிருப்பாங்க? ஒவ்வொருத்தர் விலாசமா சொல்லுங்க" என்று குறிக்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் மழை விட்டது. விடிந்ததுமே அக்கா அந்த வீடுகளைத் தேடிக் கிளம்பிவிட்டார்.

கொடி மொட்டையாகக் கிடந்தது. காற்றில் மேலுறை கிழிந்து, உள்ளே இருந்த செம்புக்கம்பி வெயிலில் பளபளத்தது. அதற்கு நேர் கீழே ரூல்ஸ்காரர். ஒரு கையில் பை. மறு கையில் கட்டிங் பிளேயர்.

அறுக்கத்தான் வந்துவிட்டார்! அலசி வைத்திருந்த துணியை வாளியோடு தூக்கிக்கொண்டு ஓடினேன். பாப்பா கவுன், தலையணை உறை, பெட்ஷீட், கைக்கு வந்ததையெல்லாம் சொட்டச் சொட்டக் கொடியில் போட்டேன்.

"இது எங்க கொடி சார்! துணி காயப்போட ரூல்ஸ்ல தடை இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார்.

"முதல்ல அந்த ஈரத்துணியை எடும்மா. கம்பி தொய்யுது பார்."

போட்ட துணியையெல்லாம் மறுபடி வாளிக்குள் உருவிப் போட்டேன்.

பிளேயரால் பிரிந்த கம்பியை முறுக்கினார். பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, செம்பு தெரியாமல் இறுக்கிச் சுற்றினார். பிறகு பையை என்னிடம் நீட்டினார். உள்ளே அவருடைய பழைய சட்டைகள், தேய்த்து மடித்தபடி.

"இதை அக்காகிட்ட கொடுத்துடும்மா. வருஷக்கணக்கா அதே நீலச் சட்டை காயுது, பாக்கிறவங்களுக்குச் சந்தேகம் வராதா? அப்பப்ப மாத்திப் போடச் சொல்லு. நான் கொடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதே, ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல?"