கம்பள மூலையில் ஈரம்

ரங்கூனில் குண்டு விழுந்து, பிழைக்கப் போனவர்களெல்லாம் கால்நடையாய் ஊர் திரும்பிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்திலே, மதுரை தெற்குக் கிருஷ்ணன்கோவில் தெருவிலே, துளசிராம் என்று ஒரு நூல் வியாபாரி இருந்தார். அவர் வீட்டுக் கூடத்துக்கு ஒரு நாய் வந்ததுதான் கதை.

நாய் வாசலில் படுத்துப் போனாலே படியைக் கழுவிவிடுகிற வீடு அது. அந்த வீட்டில், துளசிராமின் மனைவி வசுந்தரா ஒரு தெருநாயைக் கூட்டிவந்து சேர்த்தாள். பகலில் கூடத்துத் தூணில் கட்டுவாள். படுக்கப் போகுமுன் அவிழ்த்து விடுவாள்.

கூடத்தில் விரித்திருந்ததோ, அமிர்தசரஸ் வியாபாரி ஒருவர் இவர்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த கம்பளி விரிப்பு. தொட்டால் விரல் புதையும். பெட்டியிலேயே கிடந்ததைத் தம்பி லட்சுமிநாராயணன் வந்த அன்றுதான் துளசிராம் வெளியே எடுத்தார். தம்பி பர்மாக் காட்டு வழியே நடந்து வந்தவன். கால் பாளம் பாளமாய் வெடித்திருந்தது. கூடப் புறப்பட்ட பெண்டாட்டியையும் பிள்ளையையும் வழியிலேயே புதைத்துவிட்டு வந்திருந்தான். யாரோடும் பேச்சில்லை.

அவன் வந்த சில நாளில் கம்பள மூலையில் மூத்திர வாடை அடித்தது. என்னவென்று துளசிராம் கேட்டார். ஏதோ நாய் கொல்லை வழியாய் நுழைந்துவிட்டது என்றாள் வசுந்தரா. மறுநாள் பார்த்தால், விரட்டவேண்டிய நாய்க்கு உட்காரவைத்துச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதற்கப்புறம் விடிந்தால் ஈரம்தான்.

வசுந்தரா எல்லோருக்கும் முன் எழுந்துவிடுவாள். பழைய வேட்டியை வைத்து ஒற்றி எடுப்பாள். பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டையை அடித்து, நுரையை மட்டும் அள்ளி, உள்ளங்கையால் தட்டித் தட்டிக் கொடுப்பாள். தேய்த்தால் கம்பளி சுருண்டுவிடும். வெந்நீர் பட்டால் சாயம் இறங்கிவிடும். பிறகு எலுமிச்சம்பழத் தண்ணீர். பிறகு மாடியில் நிழல் பார்த்துக் கவிழ்த்துப் போடுவாள். அப்படியும் வாடை போவதாயில்லை. சாம்பிராணி போட்டால் இரண்டும் கலந்து இன்னும் தூக்கலாய் அடித்ததுதான் மிச்சம்.

எதிர்வீட்டு ராமக்காள் ஒரு நாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "பெத்த பிள்ளைக்கு அலசக் குடுத்துவைக்கலை. நாய்க்காவது அலசட்டும்."

வசுந்தரா கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள்.

கம்பளிக்குத் தீட்டில்லை, ஆனால் நாய்க்கு உண்டே என்று துளசிராம் மல்லுக்கு நின்றார். கொல்லையில் கட்டு என்றார். மாட்டேன் என்றாள். கம்பளத்தை வேண்டுமானால் சுருட்டிவிடலாமே என்று அவள் மெதுவாய்க் கேட்டதற்கு, நாய்க்காக என் தம்பி புண்ணுக்காலைத் தரையில் வைக்கணுமாக்கும் என்று கத்தினார்.

கடைசியில் பேசாத தம்பியே பேசினான்.

"அண்ணே, அந்த நாயைத் தொலைச்சுடுங்க. இந்த வாடையில கண்ணை மூடினா, பொணத்துக்குப் பக்கத்துல படுத்த மாதிரியே இருக்கு."

தம்பி வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததே பெரிசு. துளசிராம் அப்போதே வண்டிக்கார முத்திருளனைக் கூப்பிட்டனுப்பினார்.

முத்திருளன் நாயின் காதைத் தடவிக்கொண்டே, "வாயில்லாச் சீவன், சாமி. நாளைக்குச் சரக்கு ஏத்திக்கிட்டுப் போறேன்ல, கொட்டாம்பட்டியில மச்சினன் தோட்டத்துல விட்டுட்டு வாரேன்" என்றான்.

"திரும்பி வந்துரும். இங்கேயே முடிச்சிடு" என்றார் துளசிராம்.

வசுந்தரா ஓடிவந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தெரு மொத்தமும் வேடிக்கை பார்த்தது.

"இது ஒண்ணை மட்டும் விட்டுடுங்க. ஆயுசுக்கும் நான் கழுவுறேன்."

துளசிராம் அவள் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தெடுத்தார்.

எட்டிக்கொட்டையை இடித்துச் சோற்றில் உருட்டி வைத்தான் முத்திருளன். நாய் வாலை ஆட்டிக்கொண்டே தின்றது. சாயங்காலம் அதைச் சாக்கில் சுற்றி வைகை மணலுக்குத் தூக்கிப்போனான்.

மறுநாள் கிழக்கு வெளுக்கிற நேரம். ஏதோ நீர் விழுகிற சத்தம் கேட்டுத் துளசிராம் கூடத்துக்கு வந்தார்.

கம்பள மூலையில் தம்பி சுவரைப் பார்த்து நின்றிருந்தான். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. காட்டு வழியில் மரத்தடிக்கு ஒதுங்குகிற மாதிரி, தூக்கத்திலேயே எழுந்துவந்து ஒதுங்கியிருந்தான். வசுந்தரா பழைய வேட்டியும் கையுமாய் இரண்டடி தள்ளிக் காத்து நின்றாள். புருஷனைக் கண்டதும், கூப்பிட்டுவிடாதீர்கள் என்று பதறிப்போய்க் கையைக் காட்டினாள்.

அதற்குள் அவர் வாய் முந்திக்கொண்டது.

"டேய், நாராயணா!"

தம்பி விழித்துக்கொண்டான். காலடியைப் பார்த்தான். நாய் இல்லாத வெறும் தூணைப் பார்த்தான்.

"நான்தான் தம்பி, செம்பைக் கவுத்துட்டேன். நீங்க போய்ப் படுங்க" என்றாள் வசுந்தரா.

அவள் கையில் செம்பு இல்லை.

அவன் அவளைப் பார்த்துக் கேட்டான்: "அண்ணி, நம்ம வீட்டுக்கு வாடை முதல்ல வந்துச்சா, நாய் முதல்ல வந்துச்சா?"

வசுந்தரா குனிந்து, ஈரத்தில் வேட்டியை ஒற்ற ஆரம்பித்தாள்.

லட்சுமிநாராயணன் அண்ணனைத் தாண்டிப் போய், வாசல் கதவின் தாழை நீக்கி, தெருவில் இறங்கி நடந்தான்.